குடிசைச் சுவரில் ஒரு குதிரை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

விலங்கைக் காட்டி மனிதனுக்கு அறம் உரைத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். எறும்பு உழைப்புக்கும், நாய் நன்றிக்கும், நரி வஞ்சத்துக்கும் அடையாளமாக நிற்கின்றன. கவிதை இதனை உவமை என்று பெயரிட்டு ஆள்கிறது. நாயைச் சொல்லி நன்றியை விளக்கியபின் நாயின் பணி முடிந்துவிடுகிறது. அது வாசலுக்குப் போய்விடலாம். பொருள் விளங்கியபின் உவமையை யாரும் தேடுவதில்லை. ஆனால், வாசலுக்குப் போன அந்த நாய்க்குச் சோறு உண்டா? அறத்தின் அடையாளமாக நின்ற விலங்குக்கு மனிதன் செய்ய வேண்டிய அறம் யாது? விலங்குப் படங்களின் நெடிய வரலாற்றில் இவ்வினா மிகத் தாமதமாகவே எழுந்தது. அதனை எழுப்பியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் நகரில் வாழ்ந்த தாமஸ் பியூவிக் என்னும் மரச்செதுக்கு ஓவியர். அவருடைய படங்களே இப்பொழிவின் பொருள்.

உவமையாக நின்ற விலங்குகள்

ஐரோப்பாவில் விலங்குப் படங்கள் நெடுங்காலம் சமயப் பாடங்களாகவே இருந்தன. கிரேக்க மொழியில் எழுந்த 'பிசியோலோகஸ்' என்னும் பழைய நூலும், அதன் வழிவந்த இடைக்கால விலங்கு நூல்களும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நீதியை வகுத்தன. பெலிக்கன் பறவை தன் மார்பைக் கொத்தி, அக்குருதியால் இறந்த குஞ்சுகளை உயிர்ப்பிக்கும் என்பது அவற்றுள் ஒன்று. சிங்கம் தன் அடிச்சுவட்டை வாலால் அழிக்கும் என்பது மற்றொன்று. 1200ஆம் ஆண்டையொட்டி எழுந்த அபர்டீன் விலங்கு நூலில் இப்படங்கள் பொன் பூச்சோடு மின்னுகின்றன. வரைந்தவர்கள் சிங்கத்தைக் கண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. அந்நூலில் பேசப்படுவது சிங்கமன்று; சிங்கத்தின் மேல் ஏற்றப்பட்ட பொருள்.

1658இல் நூரெம்பர்க் நகரில் கொமீனியஸ் வெளியிட்ட பட நூல், குழந்தை கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்னும் கொள்கையைக் கல்விக்குள் கொணர்ந்தது. அந்நூலின் எழுத்துப் பாடம் காக்கை கரைவதில் தொடங்குகிறது. விலங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஒலிகளே எழுத்துகளை அறிமுகம் செய்கின்றன. 1730இல் இலண்டனில் தாமஸ் போர்மன் குழந்தைகளுக்கென முந்நூறு விலங்குகளின் விவரணையைப் படங்களோடு வெளியிட்டார். அப்படங்கள் செம்மையாக அமையவில்லை. அந்நூலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுள் பியூவிக்கும் ஒருவர். இதனினும் மேலான விலங்குப் படங்களைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்னும் எண்ணம், அந்நூலின் குறைகளைக் கண்ட மனத்தில் விதையாக விழுந்தது.

ஹோகார்த்தின் நான்கு படிகள்

பியூவிக் பிறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1751இல், வில்லியம் ஹோகார்த் 'கொடுமையின் நான்கு படிகள்' என்னும் படவரிசையை வெளியிட்டார். முதற்படத்தில் தெருப் பையன்கள் நாயையும் பூனையையும் சேவலையும் வதைக்கின்றனர். டாம் நீரோ என்பவன் அவர்களுள் முதல்வன். அவன் கையைப் பிடித்துத் தடுக்கும் ஒரு பையன், தன் தின்பண்டத்தைக் கொடுத்தேனும் நாயை மீட்க முயல்கிறான். இரண்டாம் படத்தில் டாம் நீரோ வளர்ந்து வண்டியோட்டி ஆகிவிட்டான். விழுந்து கிடக்கும் குதிரையை அடிக்கிறான். மூன்றாம் படத்தில் கொலைகாரன். நான்காம் படத்தில் தூக்கிலிடப்பட்ட அவன் உடல் மருத்துவர்களின் மேசையில் அறுக்கப்படுகிறது. கீழே ஒரு நாய் அவன் இதயத்தைத் தின்கிறது.

ஏழை மக்களிடம் இப்படங்கள் சேர வேண்டும் என்பது ஹோகார்த்தின் விருப்பம். அதனால் மலிவான மரக்கட்டை அச்சில் அடிக்க முயன்றார். ஜான் பெல் என்பவர் இரண்டு படங்களை மரத்தில் செதுக்கினார். செலவு கூடவே அம்முயற்சி நின்றது. பின்னர் வழக்கம்போல் செப்புத் தகட்டில் செதுக்கி, சாதாரணத் தாளில் படம் ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார். அன்றைய கூலியாள் ஒருவன் ஒரு படத்துக்குக் கொடுக்கக்கூடிய விலையன்று அது.

இப்படங்களின் வன்மையை மறுக்க முடியாது. ஆயினும் இவற்றின் தருக்கம் ஆராயத்தக்கது. விலங்கை வதைப்பவன் நாளை மனிதனைக் கொல்வான். ஆகவே விலங்கை வதைக்காதே என்பதே இதன் சாரம். நாயின் வலி இங்கே முதற்படி மட்டுமே. ஏணியின் உச்சியில் நிற்பது மனிதனின் கொலை. விலங்கு இன்னும் உவமை நிலையிலிருந்து முழுமையாக விடுபடவில்லை.

டைன் ஆற்றங்கரைச் சிறுவன்

தாமஸ் பியூவிக் 1753ஆம் ஆண்டு ஆகஸ்டில், நார்த்தம்பர்லாந்தில் டைன் ஆற்றின் தென்கரையை அடுத்த செர்ரிபர்ன் என்னும் பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை சிறு நிலக்குத்தகையாளர். ஒரு சிறு நிலக்கரிச் சுரங்கத்தையும் நடத்தி வந்தார். பள்ளியில் படிப்பைவிடப் படத்திலேயே சிறுவனின் நாட்டம். தாள் தீர்ந்தபோது ஓவிங்கம் தேவாலயத்துக் கல்லறைக் கற்களிலும், வீட்டு அடுப்படித் தரையிலும் சுண்ணக்கட்டியால் வரைந்தான்.

முதுமையில் தம் மகளுக்காக எழுதிய தன்வரலாற்றில் அவர் இளமைக்கால நிகழ்ச்சிகள் இரண்டைப் பதிவு செய்துள்ளார். வேட்டையில் நாய்கள் சூழ்ந்துகொண்ட முயல் ஒன்றைச் சிறுவன் பியூவிக் கைகளில் வாரி எடுத்துக்கொண்டான். அது குழந்தைபோல் கதறியது. அதனைக் காப்பாற்றிவிட முடியும் என்று நம்பி, கேட்ட ஒரு குடியானவரிடம் கொடுத்தான். அவரோ அதன் கால் ஒன்றை ஒடித்து, நாய்களுக்கு இன்னும் சற்று விளையாட்டாகட்டும் என்று ஓட விட்டார். மற்றொரு நாள் அவன் எறிந்த கல் கிளையிலிருந்த சிறு பறவை ஒன்றை வீழ்த்தியது. கையில் எடுத்தபோது அது அவன் முகத்தையே பார்த்தது. பிறகு உயிர் விட்டது. தம் கையால் கொன்ற கடைசிப் பறவை அதுவே என்றும், ஆனால் தம் பொருட்டுப் பின்னாளில் பல பறவைகள் கொல்லப்பட்டன என்றும் அவர் எழுதுகிறார்.

இவ்விரண்டாம் பகுதியே அவருடைய நேர்மைக்குச் சான்று. பறவை நூலுக்காக நண்பர்கள் சுட்டு அனுப்பிய பறவைகளைப் பார்த்தே அவர் பெரும்பாலும் வரைந்தார். அருளைக் கற்பிக்கும் நூலுக்கு உயிர்கள் விலையாயின. அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை.

மரத்தின் வெட்டுமுகம்

1767இல், பதினான்காம் வயதில், நியூகாசிலில் ரால்ஃப் பீல்பி என்னும் செதுக்குக் கலைஞரிடம் பியூவிக் தொழில் பழகச் சேர்ந்தார். வெள்ளித் தட்டுகளில் பெயர் பொறிப்பது, முத்திரை வெட்டுவது, கடைச்சீட்டு அச்சிடுவது எனப் பட்டறையில் எல்லா வேலைகளும் நடந்தன. மரவேலை வந்தால் அது பியூவிக்கின் கைக்கு வந்தது.

பழைய மரச்செதுக்கு, நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டப்படுவது. கோடுகள் தடித்து நிற்கும். பியூவிக் கையாண்ட முறை வேறு. மிகக் கடினமான பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, அதன் வெட்டுமுகத்தை இழைத்து, செப்புத் தகட்டுக்குரிய நுண்ணிய உளியால் செதுக்கினார். உளி சென்ற இடம் அச்சில் வெண்கோடாகத் தோன்றும். கருமையிலிருந்து ஒளியை அகழ்ந்தெடுக்கும் முறை இது. தொலைவிலுள்ள குன்றும் மூடுபனியும் வெளிறித் தோன்ற, மரத்தின் அப்பகுதியைச் சற்றே தாழ்த்திச் சீவி, மை மெல்ல ஒட்டும்படி செய்தார். பாக்ஸ் மரம் பெரிதாகப் பருப்பதில்லை. ஆகவே படங்கள் உள்ளங்கையளவில் அடங்கின.

இம்முறையால் விளைந்த பெரும்பயன் ஒன்று உண்டு. செப்புத் தகட்டுப் படத்துக்குத் தனி அச்சுப்பொறி வேண்டும். தகடும் விரைவில் தேயும். மரக்கட்டையோ அச்செழுத்துகளோடு சேர்ந்து ஒரே பொறியில் அடிபடும், எளிதில் தேயாது. தாம் செதுக்கிய ஒரு கட்டை ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தந்ததாகப் பியூவிக் குறிப்பிடுகிறார். சொல்லும் படமும் ஒரே பக்கத்தில், குறைந்த செலவில், ஏராளமான படிகளில் வெளிவர வழி பிறந்தது. மலிவான மரக்கட்டை அச்சு என்னும் ஹோகார்த்தின் விருப்பத்துக்குக் கருவி கிடைத்தது.

விலங்கு பொருளாதல்

1790இல் 'நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு' வெளிவந்தது. உரையில் பெரும்பங்கு பீல்பியுடையது, படங்கள் பியூவிக்கினுடையவை. 1791இல் இரண்டாம் பதிப்பும், 1792இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. அந்நூலில் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. நேரில் கண்ட விலங்குகளான உழவுக் குதிரை, ஆட்டு நாய், பண்ணைப் பசு ஆகியவை உயிரோடு நிற்கின்றன. பிறர் படம் பார்த்து வரைந்த தொலைநாட்டு விலங்குகளில் அந்த உயிர் இல்லை. பார்த்தல் என்பதே பியூவிக்கின் கலை; பாராதபோது அவர் கையும் பிறர் கைபோலவே ஆகிவிடுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1789இல், சில்லிங்கம் வனத்துக் காட்டுக் காளையை அவர் செதுக்கினார். மனிதரைக் கண்டால் விலகும் அம்மாடுகளை அணுகுவது எளிதன்று. கடைசியில், வலிய காளையிடம் தோற்று மந்தையிலிருந்து விரட்டப்பட்டுத் தனித்துத் திரிந்த ஒன்றையே அவரால் நெருங்கிப் பார்க்க முடிந்தது. படத்தில் காளை கம்பீரமாக நிற்கிறது. அந்தக் கம்பீரத்துக்கு உடல் தந்தது தோற்றுப்போன ஒரு காளை என்பதை அறிந்தபின் படத்தைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. சில படிகள் அடித்த அளவிலேயே அக்கட்டை வெடித்துவிட்டது.

'பிரித்தானியப் பறவைகளின் வரலாறு' 1797இலும் 1804இலும் இரு தொகுதிகளாக வந்தது. முதலது நிலப் பறவைகள். இரண்டாவது நீர்ப் பறவைகள். பறவைகளுக்காக இந்நூலை வாங்கியவர்கள், பக்கத்தின் அடியில் எஞ்சிய வெற்றிடத்தை நிரப்பும் சிறுசித்திரங்களுக்காக அதனைப் போற்றி வைத்தனர். பியூவிக்கின் அறவுரை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் தலைப்பின்றி, விளக்கமின்றி.

பாலத்துக்குச் சுங்கம் கொடுக்க மனமில்லாத ஒருவன் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். காசு மிஞ்சுகிறது, தொப்பி ஆற்றோடு போகிறது. விலங்கு நூலில் ஒரு குழந்தை குதிரைக்குட்டியின் வாலைப் பிடித்து இழுக்கிறது. தாய் பதறி ஓடி வருகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பணிப்பெண் அப்பால் காதலனோடு நிற்கிறாள். பறவை நூலில் பனி மூடிய நாள், இடிந்த குடிசை, வாசலில் கிடந்த பழைய துடைப்பத்தை ஒரு தாயாடு கடித்து இழுக்கிறது, பக்கத்தில் குட்டி. இவற்றுள் முதலிரண்டும் நீதிக்கதைகள். மூன்றாவதில் எந்த நீதியும் சொல்லப்படவில்லை. ஆடு எதற்கும் உவமையாக நிற்கவில்லை. அதற்குப் பசி, அவ்வளவே. உவமை தானே பொருளாகிவிட்ட இடம் அது.

இவற்றை நோக்க, 1818இல் வந்த 'ஈசாப் கதைகள்' ஒரு படி பின்வாங்கியதாகவே தோன்றும். 1812இல் கடும் நோயுற்று மீண்டபின், இளையோரை நல்வழிப்படுத்த வேண்டும் என்னும் உறுதியோடு பியூவிக் தொடங்கிய நூல் அது. படங்களை அவர் வகுக்க, மகன் ராபர்ட்டும் வில்லியம் ஹார்வி முதலான மாணவரும் பலவற்றைச் செதுக்கினர். ஒவ்வொரு கதைக்கும் பின்னே நீண்ட நீதியுரை உண்டு. பிள்ளைகள் நீதியுரையைத் தாண்டி அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. அறத்தைக் கற்பிக்க வேண்டும் என்னும் ஆர்வம் மிகும்போது கலை தளர்வதைப் பியூவிக்கிடமும் காணலாம்.

சாவை எதிர்நோக்கி

பியூவிக்கின் சிறுவயதில் நாட்டுப்புறக் குடிசைகளின் சுவர்களில் பெரிய மரக்கட்டைப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. போர்க்களங்கள், கடற்போர்கள், மாலுமியின் விடைபெறல், அவன் மீண்டு வருதல், பருவங்கள் நான்கு, சார்லஸ் மன்னரின் பன்னிரண்டு நல்விதிகள் என அவை பலவகை. சில காசுக்குக் கிடைத்த அப்படங்களே ஏழையின் நூலகமும் ஓவியக் கூடமும் ஆகும். பிற்காலத்தில் அவை மறைந்தது பியூவிக்குக்குப் பெருங்குறையாகப் பட்டது. அவ்வழக்கத்தை மீட்டு, நல்லெண்ணங்களைக் குடிசைச் சுவர்களுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று தன்வரலாற்றில் விரும்புகிறார்.

அதற்காக அவர் தேர்ந்த பொருள் ஒரு கிழக்குதிரை. 1785ஆம் ஆண்டளவிலேயே அக்குதிரையின் வாழ்க்கையை உரைநடையில் எழுதி வைத்திருந்தார். இளமையில் அழகும் துடிப்பும் மிக்கது. எல்லோராலும் தடவிக் கொடுக்கப்பட்டது. உழைத்து உழைத்து உடல் தளர்ந்தபின் கைமாறிக் கைமாறி, வாடகைக் குதிரை வைத்திருக்கும் கொடியவன் ஒருவனிடம் சேர்ந்து, அரைப்பட்டினியில் வண்டியும் சவாரியும் சுமந்தது. இறுதியில் எவருக்கும் பயனற்றதாகி, வெட்டவெளியில் விடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு அண்மையில், 1877இல், அன்னா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' புதினமும் இதே தடத்தில், எசமானர் பலரிடம் கைமாறும் குதிரை ஒன்றின் கதையைச் சொல்வது ஒப்புநோக்கத்தக்கது.

இதற்கிடையில் காலமும் நகர்ந்தது. காளைகளை நாய்களால் கடிக்க விடும் விளையாட்டைத் தடை செய்யும் மசோதா 1800இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தோற்றது. 1809இல் எர்ஸ்கின் பிரபு கொணர்ந்த மசோதாவும் தோற்றது. 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் முயற்சியால் குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றை வதைப்போருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. 1824இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் தோன்றியது. குதிரையின் வலியை வழக்குமன்றம் கேட்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட காலத்தில், எழுபது வயதைக் கடந்த பியூவிக் தம் பழைய குதிரையை மரத்தில் செதுக்கத் தொடங்கினார்.

'சாவை எதிர்நோக்கி' என்னும் அப்படம், அவர் வழக்கமாகச் செய்யும் உள்ளங்கை அளவினதன்று, சுவருக்கென வகுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கட்டைகளை அச்சிட்டு ஒளியும் நிழலும் கூட்டுவது அவர் திட்டம். விலா எலும்புகள் புடைத்த குதிரை, தலை தொங்க, வெறுமையான வெளியில் நிற்கிறது. படத்தில் மனிதர் இல்லை. அடிப்பவன் இல்லை, தடுப்பவன் இல்லை, தண்டனையும் இல்லை. ஹோகார்த்தின் படத்தில் பார்ப்பவர், டாம் நீரோவைப் பார்த்து, 'அவன் கொடியவன்' என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். இங்கே சுட்டுவதற்கு வேறு ஒருவர் இல்லை. குதிரையின் முன் நிற்கும் ஒரே மனிதர், படத்தைப் பார்ப்பவரே.

முதற்கட்டையின் சோதனைப் படிகளைப் பார்த்த சில நாள்களில், 1828 நவம்பர் 8ஆம் நாள், பியூவிக் மறைந்தார். ஓவிங்கத்தில், சிறுவயதில் படம் வரைந்த கல்லறைகளுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டார். முடிவுறாத அப்படத்தை மகன் ராபர்ட் 1832இல் வெளியிட்டார். குடிசைச் சுவருக்கென எண்ணிய படம், பியூவிக்கின் கடைசிப் படைப்பு என்னும் பெருமையால் சேகரிப்பாளர்களின் பொருளாயிற்று. ஹோகார்த்தின் ஒரு ஷில்லிங் போலவே, பியூவிக்கின் மரக்கட்டையும் தான் நாடிய சுவரைச் சேரவில்லை.

முதலும் முடிவும்

1775இல், இருபத்திரண்டாம் வயதில், இலண்டன் கலைச் சங்கம் பியூவிக்குக்கு ஏழு கினி பரிசு வழங்கியது. அப்பணத்தைத் தம் தாயிடம் கொடுத்து மகிழ்ந்ததை அவர் நினைவு கூர்கிறார். பரிசு பெற்ற படம் 'வேட்டைக்காரனும் கிழ நாயும்'. அத்தலைப்பில் வழங்கும் ஈசாப் கதையில், வாழ்நாளெல்லாம் உழைத்த நாய், பல் தளர்ந்து இரையை நழுவ விட்டதற்காக எசமானனின் கோபத்துக்கு ஆளாகிறது. முதற்புகழ் தந்தது ஒரு கிழ நாய். கடைசியாகக் கையைவிட்டு இறங்கியது ஒரு கிழக்குதிரை. இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். நாய் கதைக்குள் நின்றது. அதற்கு வாய் உண்டு, தன் வழக்கைத் தானே பேசியது. குதிரைக்குக் கதையும் இல்லை, பேச்சும் இல்லை. அதன் வழக்கைப் பார்ப்பவரே எடுத்துப் பேச வேண்டும். இந்த ஐம்பத்து மூன்று ஆண்டுத் தொலைவே பியூவிக் நடந்த தூரம்.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வரங்கில் இதனை எடுத்துரைக்கக் காரணம் உண்டு. உவமை இன்றிக் கவிதை இல்லை. விலங்கும் பறவையும் இன்றி உவமைக்கு வளம் இல்லை. அவ்வளத்தைக் கைவிடுமாறு எவரும் கேட்க முடியாது. எறும்பைப் பார்த்து உழைப்பைப் பாடுவதில் பிழை ஏதும் இல்லை. பாடுவதற்கு முன் எறும்பைப் பார்த்திருக்க வேண்டும், பாடியபின் எறும்பை மறக்கலாகாது. பனியில் துடைப்பத்தைக் கடித்த ஆட்டுக்குப் பியூவிக் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அது உவமையாகி, பசி மறைந்திருக்கும்.

கவிதை எழுதும் கை, சில வேளைகளில், எழுதாமல் நிறுத்தவும் அறிந்திருக்க வேண்டும். அந்த ஆட்டின் அருகே விடப்பட்ட வெற்றிடம் அதனையே கற்பிக்கிறது.